வெளுத்ததெல்லாம்

நான்கு சின்னக் குப்பிகள்.
சட்டைப் பையில் செருகிக் கொண்டுவந்தார் பெரியநாயகம்.
மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால்
மு.இ., மு.வ., பி.இ., பி.வ.
முன்னிடது, முன்வலது, பின்னிடது, பின்வலது.
"பின்னிடத்துல கை வச்சா மட்டும் உதைக்கிறா மேடம்.
பால்ல ஒண்ணும் தெரியலை. நீங்களே பாருங்க."

பார்த்தேன்.
ஹெப்பால் மேம்பாலத்து வெயில்
ஆய்வுக்கூட ஜன்னலில் சரிந்து விழ
நான்கும் வெள்ளை.
ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லும் வெள்ளை.

லிங்கராஜபுரத்தில்
ரயில் பாதைக்கும் டைல்ஸ் கிடங்குக்கும் நடுவே
அவர் கொட்டகை.
ரூபி, டெய்சி, பெயர் வைக்காத இன்னொன்று.
எதிர் அடுக்ககத்தில் பதினொரு வீடுகளுக்கு அவர் பால்.
பதினொன்றில் ஒன்று என் வீடு.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் ஏமாளி.
நான் அதற்கு அடுத்த படி:
பால் வெளுத்திருப்பது
பாலால் மட்டும்தான் என்று
இரண்டு வருஷம் டிகாக்‌ஷனில் ஊற்றிக் குடித்தவள்.

வெள்ளையணுக்கள் வெள்ளைக்குள் போய் நின்றால்
யாருக்குத் தெரியும்?
அதற்குத்தான் நீலம்.
ஒரு சதுர சென்டிமீட்டரில் பாலைத் தேய்த்து
உலர்த்தி, கொழுப்பைக் கழுவி
மெத்திலீன் நீலத்தில் முக்கி
குனிந்தேன்.

முன்னிடது: இந்த வட்டத்தில் ஒன்று, அடுத்ததில் யாருமில்லை.
முன்வலதும் அப்படியே.
பின்வலது: கடை திறக்குமுன் கமர்ஷியல் தெரு.
பின்னிடது:
சில்க் போர்டு, மாலை ஆறரை.

நோய் அல்ல இந்தக் கூட்டம்.
நோய் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தது.
எண்ணி முடிக்கையில் கழுத்து பிடித்துக்கொண்டது.
மில்லிக்குப் பத்தொன்பது லட்சம்.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சங்கிலி உரசும் சத்தம் மட்டும்.
பிறகு, "மூணு மாட்டுப் பாலையும் கேன்ல கலந்தா?"
கலந்தால் இரண்டரை லட்சத்துக்குள் அடங்கிவிடும்.
கணக்கில் தப்பில்லை.
பதினொரு காம்புகள் சேர்ந்து
ஒரு காம்பின் வலியைக் கரைத்துவிடும்.
"தெரியாதில்ல?"
"தெரியாது" என்றேன். பொய் வரவில்லை.
அவரும் போனை வைக்கவில்லை.

மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த மூன்றாம் நாள்
எனக்கும் பால் கட்டியது.
ஸ்டோர் ரூமில், அமிலப் புட்டிகளுக்கு நடுவே
தாழ்ப்பாள் இல்லாத கதவில் முதுகை வைத்துக்கொண்டு
பீய்ச்சினேன்.
இடப்பக்கம் கல். காய்ச்சல் நூற்றிரண்டு.
எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே என்றார்கள்.
உதைக்கத் தோன்றவில்லை எனக்கு.
ரூபிக்குத் தோன்றியிருக்கிறது.

"கலக்காதீங்க" என்றேன்.

ரூபியின் பின்காலில் சிவப்பு நாடா.
காம்புத் துளைக்குள் மருந்துக் குழல்.
மருந்து கலந்த பால், நாளைக்கு எட்டு லிட்டர்,
கொட்டகைக்குப் பின்னால் குழியில்.
மோப்பம் பிடித்து வந்த நாயை விரட்டிவிட்டு
மண்ணைத் தள்ளினாள் அவர் மனைவி குளோரி,
நானூற்று எண்பது,
தொள்ளாயிரத்து அறுபது என்று
உரக்கச் சொல்லிக்கொண்டே.
எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னாள்.
கேட்டது.
மூன்றாம் மாடி வரைக்கும்.

ஒன்பதாம் நாள் ஒரே ஒரு குப்பி.
பி.இ.
மறுபடி நீலம், மறுபடி கழுத்து.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

"சைபர் ஆகலையா?"
"ஆகாது. சைபர் வந்தா
நான் சாயம் போட மறந்துட்டேன்னு அர்த்தம்."
சிரிப்பாரென்று நினைத்தேன்.
"காவலுக்கு ஆள் வேணும்தான்" என்றார்,
சிரிக்காமல்.
"அப்ப நாளைக்கு ஊத்தலாமா?"
"டாக்டர் சொன்ன நாளுக்கு
இன்னும் ரெண்டு இருக்கு."

தலையாட்டினார். கிளம்பவில்லை.
இன்னும் எட்டுக் குப்பி கிடைக்குமா என்று கேட்டார்.
டெய்சிக்கு நான்கு.
மற்றதற்கு நான்கு.
பிளாஸ்திரியைக் கிழித்து
பேனாவைத் திறந்து
டெய்சி டெய்சி டெய்சி டெய்சி என்று எழுதி முடித்தவர்
ஐந்தாவது குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
என்ன எழுதுவது என்று
வெகுநேரம் யோசித்தார்.